சுவரொட்டியும் செம்மறியும்: சிவப்பு இறைச்சிகளின் சத்துக் கணக்கு

என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 98 என்று எழுதியிருந்தது. பிரிட்டனில் ஒரு லிட்டர் இரத்தத்துக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுகிறார்கள். நம் ஊரில் நூறு மில்லிலிட்டருக்கு. மதுரையிலிருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் 98 என்றதும், "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டா? நல்ல மார்க்குத்தானேடா!" என்றாள். நம் ஊர்க் கணக்கில் 9.8 என்று விளக்கியதும் குரல் இறங்கிவிட்டது. கர்ப்பத்தின் நடு மாதங்களில் 105க்குக் கீழே போனால் இரத்தசோகை என்று இங்கே எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவச்சி இரும்பு மாத்திரைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, "சிவப்பு இறைச்சி சாப்பிடு" என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்காவின் மருந்துச்சீட்டு வேறு மாதிரி. "மாத்திர ஒரு பக்கம் கெடக்கட்டும். வாரம் ரெண்டு தடவ செவரொட்டி வாங்கிச் சுட்டுக் குடு. அது கெடைக்கலைன்னா ஈரல வாங்கி மிளகு போட்டு வறுத்துக் குடு. உம் பொண்டாட்டிய நான் அப்படித்தான் தேத்துனேன்." மகளோ, "அத்தைகிட்ட சொல்லிருங்கப்பா, ஈரலத் தொடவே கூடாதுன்னு இங்க புத்தகத்துல போட்டிருக்கு" என்றாள். மருமகன் தன் பங்குக்கு, "சிவப்பு இறைச்சின்னா எது மாமா? மாடா, ஆடா, பன்றியா?" என்று கேட்டார். நான் மருத்துவன் இல்லை. உணவுத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் பல வருடங்கள் கொழுப்பும் புரதமும் அளந்து காலம் தள்ளியவன். அதனால் இந்தக் கேள்விகள் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தன.

முதலில் மருமகனின் கேள்வி. தசைக்குச் சிவப்பு நிறம் தருவது இரத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அங்காடியில் இறைச்சிப் பொட்டலத்தின் அடியில் தேங்கி நிற்கும் சிவப்பு நீரும் இரத்தம் அல்ல. தசைக்குள் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மயோகுளோபின் என்ற புரதம் கரைந்த நீர் அது. மயோகுளோபினின் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தசை ஓயாமல் உழைக்கிறதோ அதில் மயோகுளோபின் அதிகம். வயது கூடக் கூட இன்னும் அதிகம். மாட்டிறைச்சி அடர்சிவப்பாகவும் ஆட்டுக்கறி அதற்கடுத்தும் பன்றி இறைச்சி இளஞ்சிவப்பாகவும் கோழி நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பது இதனால்தான். எனவே நிறத்தைப் பார்த்தே இரும்பை ஓரளவு ஊகிக்கலாம். இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரியும்: தொல்காப்பியத்தில் இறைச்சி என்றால் கருப்பொருளுக்குள் மறைந்து நிற்கும் குறிப்புப் பொருள். கசாப்புக் கடையிலும் அந்தச் சொல் பொருந்தித்தான் போகிறது.

பன்றி இறைச்சி வெந்ததும் வெளுத்துவிடுவதால் அது கோழியோடு சேர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1987இல் அமெரிக்கப் பன்றி வளர்ப்போர் அதை 'இன்னொரு வெள்ளை இறைச்சி' என்று விளம்பரம் செய்து அந்த எண்ணத்தை நன்றாகவே பரப்பினார்கள். ஊட்டச்சத்து நூல்களின் கணக்கில் மாடு, ஆடு, செம்மறி, பன்றி, மான் எல்லாமே சிவப்பு இறைச்சிதான்.

அடுத்தது பெயர்க் குழப்பம். நம் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. இங்கிலாந்துக்காரருக்கு மட்டன் என்றால் முதிர்ந்த செம்மறி. ஒரு வயதுக்குட்பட்ட செம்மறிக் குட்டி லாம்ப். வெள்ளாடு வேண்டுமென்றால் கோட் என்று தனியாகக் கேட்கவேண்டும், பெரும்பாலும் ஹலால் கடையில். ஆகவே ஊரிலிருந்து வரும் மட்டன் அறிவுரை எல்லாம் வெள்ளாட்டைப் பற்றியது. பெருங்கடைகளின் தட்டில் கிடப்பதோ செம்மறி. இரண்டும் ஒன்றல்ல, முக்கியமாகக் கொழுப்பில்.

அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியலிலிருந்து சில எண்களைத் தருகிறேன். எல்லாம் நூறு கிராம் பச்சை இறைச்சிக்கு. வெள்ளாட்டுக்கறியில் புரதம் 20.6 கிராம், கொழுப்பு 2.3 கிராம், 109 கலோரி. கொழுப்பை நீக்கிய செம்மறிக்குட்டி இறைச்சியில் புரதம் 20.3, கொழுப்பு 5.3, கலோரி 134. அதே குட்டியின் இறைச்சியைக் கொழுப்போடு சேர்த்து எடுத்தால் கொழுப்பு 21 கிராமுக்கு மேல் ஏறுகிறது, கலோரி இரட்டிப்பாகி 267 ஆகிறது, புரதம் 17க்கு இறங்குகிறது. பன்றியின் முதுகுப்பகுதியில் கொழுப்பு நீக்கிய தசையை எடுத்தால் கொழுப்பு 6 கிராமுக்குள் அடங்கும். வயிற்றுப்பகுதியிலோ 53 கிராம். அதாவது விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாட்டைவிட, ஒரே விலங்கில் துண்டுக்குத் துண்டு உள்ள வேறுபாடு பல மடங்கு பெரிது. "மாட்டிறைச்சி நல்லதா, ஆட்டிறைச்சி நல்லதா" என்று சாப்பாட்டு மேசையில் நடக்கும் வாதங்களில் பாதி, எந்தத் துண்டு என்று கேட்காததால் நடப்பவை. புரதத்தில் பெரிய வித்தியாசமே கிடையாது. கொழுப்பு நீக்கிய எந்தச் சிவப்பு இறைச்சியிலும் நூறுக்கு இருபது, இருபத்திரண்டு.

வெள்ளாடு மட்டும் ஏன் இவ்வளவு மெலிந்த இறைச்சி தருகிறது? அது கொழுப்பை வைக்கும் இடம் வேறு. செம்மறி தோலுக்கடியிலும் தசைகளுக்கிடையிலும் கொழுப்பைச் சேர்க்கும். வெள்ளாடு பெரும்பகுதியைக் குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றி வயிற்றுக்குள்ளேயே சேர்த்து வைக்கும். வெட்டும்போது அது தனியாக வந்துவிடுகிறது. செம்மறி வாடைக்கும் கொழுப்பே காரணம். அதிலுள்ள சில கிளைத்த கொழுப்பு அமிலங்கள் வயதோடு கூடுகின்றன. கொழுப்பை வெட்டி எறிந்தால் வாடையில் பாதி போய்விடும். இன்னொரு ஆச்சரியம் பன்றிக்கொழுப்பு. அதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 40 சதவீதம்தான். மாட்டுக்கொழுப்பில் அது 50ஐ ஒட்டி இருக்கும். ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் மேலே வெள்ளையாக உறைந்து நாக்கில் ஒட்டுவதும் நிறைவுற்ற கொழுப்பின் வேலை.

இனி மகளுக்கு வேண்டிய இரும்பு. அதே பட்டியலில் வெள்ளாட்டில் 2.8 மில்லிகிராம், கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியில் துண்டைப் பொறுத்து 2 முதல் 2.5, செம்மறிக்குட்டியில் 1.8, பன்றி முதுகில் 0.8. மான் இறைச்சியில் 3.4, கொழுப்போ 2.4 கிராம்தான். மான் இங்கே பெருங்கடைகளிலேயே கிடைக்கிறது. ஆனால் ஈயச் சிதறுகுண்டுகளால் சுடப்பட்ட வேட்டை இறைச்சியைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது என்பது இங்குள்ள தேசிய சுகாதாரச் சேவையின் அறிவுரை. எப்படிக் கொல்லப்பட்டது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டோம். சமைத்தபின் எண்கள் கூடும். வெள்ளாட்டின் 2.8, வாட்டியபின் 3.7 ஆகிறது. இரும்பு புதிதாக வந்துவிடவில்லை. நீர் போய் இறைச்சி சுருங்கிவிட்டது. இரண்டு பட்டியல்களை ஒப்பிடும்போது பச்சையா சமைத்ததா என்று பார்க்காமல் ஏமாறுவது தொழிலில் இருப்பவர்களுக்கே நடக்கும்.

வேகவைத்த நூறு கிராம் பருப்பிலும் ஏறக்குறைய 3.3 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. "பின்னே எதுக்கு ஆட்டைக் கொல்லணும்?" என்று சைவ நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வித்தியாசம் அளவில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. இறைச்சி இரும்பின் கணிசமான பகுதி ஹீம் என்னும் வளையத்துக்குள் இருக்கிறது. குடல் அந்த வளையத்தை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் நூறுக்குப் பதினைந்து முதல் முப்பத்தைந்து பங்கு உடலில் சேரும் என்பது பொதுவான கணக்கு. பருப்பு, கீரை, தானியங்களின் இரும்பு அப்படி அல்ல. அதனுடன் கூடவே இருக்கும் பைட்டேட்டும் சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீரின் டானினும் அதைப் பிடித்து நிறுத்திவிடும். பத்துப் பங்கு சேர்ந்தாலே பெரிய விஷயம். உடலில் இரும்பு குறைந்திருக்கும்போதும் கர்ப்பகாலத்திலும் குடல் இரண்டு வகையையும் வழக்கத்தைவிட ஆவலாக எடுத்துக்கொள்ளும் என்பது ஓர் ஆறுதல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை ஒன்று உண்டு. இறைச்சியைப் பருப்போடு சேர்த்து உண்டால், பருப்பின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. அதன் காரணத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் விளைவு பலமுறை அளக்கப்பட்டது. புளிப்பும் வைட்டமின் சியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பருப்பு, எலும்போடு ஆட்டுக்கறி, மாங்காய் அல்லது புளி, தக்காளி எல்லாம் சேர்ந்த ஒரு குழம்பை நம் ஊர் இஸ்லாமியர் வீடுகளில் காலங்காலமாக வைக்கிறார்கள். தால்ச்சா! பிரியாணிக்குத் துணையாக வந்த அந்தக் குழம்பை இரும்புக்காக வகுத்த உணவு என்று சொன்னால் தவறில்லை.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சுவையானது, சூடானது, சளி பிடித்தவனுக்கு இதமானது. ஆனால் எலும்பிலிருந்து நீரில் இறங்கும் இரும்பும் சுண்ணாம்பும் மிகச் சொற்பம். சத்து வேண்டுமானால் தசையைத்தான் தின்ன வேண்டும்.

இரும்பைத் தவிர மற்றவற்றில் ஒவ்வொரு விலங்கும் ஒவ்வொன்றில் ஜெயிக்கிறது. துத்தநாகம் மாட்டிலும் இரண்டு வகை ஆட்டிலும் நூறு கிராமுக்கு நான்கு மில்லிகிராமை ஒட்டி. பன்றியிலும் மானிலும் அதில் பாதி. வைட்டமின் பி12 செம்மறியில் 2.6 மைக்ரோகிராம், வெள்ளாட்டில் 1.1, பன்றி முதுகில் அதிலும் பாதி. பிரிட்டிஷ் கணக்கில் ஒரு நாளைக்கு வேண்டியது 1.5 மட்டுமே, மாட்டையோ செம்மறியையோ தொட்டவருக்குக் கவலை இல்லை. பன்றி எங்கே முந்துகிறது? தயமினில், அதாவது வைட்டமின் பி1இல். பன்றித் தசையில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருக்கும். மற்றவற்றில் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்த மக்களை வாட்டிய பெரிபெரி நோய் இந்தத் தயமின் குறைவால் வந்தது. அந்த நோயை ஆராய 1918இல் நம் குன்னூரில் மக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுப்பிரிவுதான் பின்னர் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இப்போது அக்காவின் வைத்தியத்துக்கு வருவோம். உறுப்பு இறைச்சியின் கணக்கு தசையின் கணக்கிலிருந்து முற்றிலும் வேறு. ஆட்டு ஈரலில் இரும்பு 7 மில்லிகிராமுக்கு மேல், மாட்டு ஈரலில் 5, பன்றி ஈரலில் 23. தசையில் கடைசியாக நின்ற பன்றி, ஈரலில் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. சுவரொட்டி என்று நாம் சொல்லும் மண்ணீரலோ இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறது: செம்மறி மண்ணீரலில் நூறு கிராமுக்கு 42 மில்லிகிராம்! வயதான சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்டெடுக்கும் இடம் அது; இரும்பு குவிந்து கிடப்பதில் வியப்பில்லை. (அதில் ஒரு பங்கு ஹீம் வடிவில் இல்லாமல் சேமிப்பு வடிவில் இருப்பதால் 42ஐயும் தசை இரும்பைப் போலவே எண்ணக் கூடாது.) பட்டியல் எதையும் பார்க்காமல் இதைக் கண்டுபிடித்த நம் பாட்டிமாருக்கு ஒரு கும்பிடு.

ஈரலின் புகழுக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. விப்பிள் என்ற அமெரிக்கர் நாய்களின் இரத்தத்தை வடித்து அவற்றுக்கு இரத்தசோகை உண்டாக்கி, ஈரல் கொடுத்தால் வேகமாகத் தேறுவதைக் கண்டார். அதைப் படித்த மைனட்டும் மர்ஃபியும், அக்காலத்தில் உயிரைக் குடித்துக்கொண்டிருந்த வேறொரு வகை இரத்தசோகை நோயாளிகளுக்குத் தினமும் ஏராளமாக ஈரல் கொடுத்து, பிழைத்தெழுந்ததை 1926இல் அறிவித்தார்கள். 1934இல் மூவருக்கும் பரிசு. வேடிக்கை என்னவென்றால், நாய்களைத் தேற்றியது ஈரலின் இரும்பு. மனிதர்களைப் பிழைக்க வைத்தது அதன் பி12. இரண்டு வேறு நோய்கள், ஒரே ஈரல். அதே காலத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறான மார்மைட் அதைக் குணமாக்குவதை 1931இல் எழுதினார். அதிலிருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது. குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும்கூட அவர் பணியாற்றியிருக்கிறார். இன்று உலகெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னே அந்தத் திருவல்லிக்கேணி வார்டும் இருக்கிறது.

அப்படியானால் ஈரல் ஏன் கூடாது? வைட்டமின் ஏ. ஈரல் அதன் கிடங்கு. நூறு கிராம் ஆட்டு ஈரலில் 7,400 மைக்ரோகிராம் இருக்கலாம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைய உச்சவரம்பு 3,000. நாற்பது கிராம், அதாவது இரண்டு சிறு துண்டுகளிலேயே எல்லை தொட்டுவிடும். ரெட்டினால் என்ற இந்த வடிவம் அளவு மீறினால், கருவின் உறுப்புகள் உருவாகும் தொடக்க வாரங்களில் பிறவிக்குறை உண்டாக்கக் கூடும். பிரிட்டிஷ் சுகாதாரத் துறை 1990இலேயே கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புபவர்களும் ஈரலைத் தவிர்க்கச் சொன்னது. 1995இல் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பற்றி அமெரிக்காவில் வெளியான ஆய்வும், ஏழாம் வாரத்துக்கு முன் அதிக ரெட்டினால் எடுத்தவர்களிடமே ஆபத்து குவிந்திருந்ததைக் காட்டியது. கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டினுக்கு இந்தத் தடை இல்லை. உடல் அதை வேண்டிய அளவே மாற்றிக்கொள்ளும். மகளுக்கு அந்தத் தொடக்க வாரங்கள் கடந்துவிட்டன என்றாலும், தடை கர்ப்பகாலம் முழுவதற்கும் சொல்லப்பட்டது. நான் மகள் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

மண்ணீரலில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அக்காவின் முதல் தேர்வு சரிதான், இரண்டாவதுதான் தவறு. ஆனால் சுவரொட்டிக்கு எங்கே போவது? மாட்டுப் பைத்தியநோய் அச்சத்துக்குப் பின் ஐரோப்பாவில் ஆடுகளின் மூளை, முதுகுத்தண்டோடு மண்ணீரலையும் ஆபத்தான உறுப்புகளில் சேர்த்து, அறுப்புக்கூடத்திலேயே அழிக்கச் சொல்லியிருந்தார்கள். 2018இல்தான் மண்ணீரல் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. தடை போனாலும் கடைக்காரர்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எங்கள் ஊர் ஹலால் கடைக்காரரிடம் கைச்சாடையில் விளக்கியபோது, "நாய்க்கா?" என்று கேட்டார்.

கடைசியாக ஒரு கணக்கு. மகளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை ஒன்றில் 65 மில்லிகிராம் இரும்பு. சமைத்த வெள்ளாட்டுக்கறியில் அந்த அளவைத் தேட வேண்டுமானால் ஒன்றே முக்கால் கிலோ தின்ன வேண்டும். மாத்திரை இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும் என்று கழித்துக்கொண்டாலும், காலியாகிவிட்ட சேமிப்பை இறைச்சியால் மட்டும் சில மாதங்களில் நிரப்ப முடியாது. இறைச்சிக்கு மேல்வரம்பும் உண்டு. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பேக்கன், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றிலும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியவற்றிலும் வைத்தது. வெள்ளாடும் அந்த வரையறைக்குள் வருகிறது. நமக்கு விதிவிலக்கு இல்லை. நாளுக்குச் சமைத்த இறைச்சி 90 கிராமுக்கு மேல் உண்பவர்கள் 70க்குக் குறைக்கட்டும் என்பது பிரிட்டிஷ் அரசின் ஆலோசனை.

எங்கள் வீட்டில் முடிவானது இது: மாத்திரையை ஆரஞ்சுச் சாற்றோடு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர் இல்லை, வாரம் இரண்டு நாள் வெள்ளாட்டுத் தொடைக்கறியில் தால்ச்சா, ஒரு நாள் கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி. மருத்துவச்சியிடம் காட்டினோம், சரி என்றார். தேநீரை நிறுத்தியதுதான் மகளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

எட்டாம் மாதம் பரிசோதித்தபோது 112. அக்காவை அழைத்து 11.2 என்று அவள் கணக்கிலேயே சொன்னேன். "பாத்தியா, கறி வேலை செஞ்சிருச்சு" என்றாள். மகள் பக்கத்திலிருந்து மாத்திரைப் புட்டியைக் குலுக்கிக் காட்டினாள். தொலைபேசியில் அந்தச் சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்காது.